முத்து வணிகன் உவமையும் வியாக்கியான மரபும்

பொருநல் என்று ஆழ்வார் பாசுரங்களில் வழங்கும் தாமிரபரணி, திருக்குருகூரைக் கடந்து, பழைய கொற்கையின் அருகே ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இந்த ஓர் ஆற்றின் கரையில் இரண்டு மறை மரபுகள் தமிழில் வேர்கொண்டன. மேலே நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர். திருவாய்மொழிப்பிள்ளையின் திருவடிகளில் மணவாள மாமுனிகள் ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் கேட்டதும் அங்கேயே. கீழே முத்துக்குளித்துறையின் புன்னைக்காயல். அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அறிந்த போர்ச்சுக்கீசியத் துறவி தங்கித் தமிழ் பயின்று, 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ முதலான நூல்களைத் தமிழில் ஆக்கியது இத்துறையை இருப்பிடமாகக் கொண்ட காலத்தில்தான். மேலூரில் மறைக்கு உரை வளர்ந்தது. கீழூரில் மறைக்கு மொழிபெயர்ப்புத் தொடங்கியது. இரு மரபினரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: மறைநூலுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு, அவ்வதிகாரத்துக்கு எல்லை எது?

இவ்வினா இன்று மேலைநாட்டு விவிலியப் புலமையில் புதிதாக எழுந்துள்ளது. இருநூறு ஆண்டுகளாக வரலாற்று முறையில் விவிலியத்தை ஆராய்ந்தவர்களுள் ஒரு சாரார், அம்முறை மட்டும் மறையை மறையாகக் காட்டவில்லை என்று கூறி, ‘இறையியல் வியாக்கியானம்’ என்னும் பெயரில் முன்னோர் உரைகளை நோக்கித் திரும்பியுள்ளனர். உரை மரபு அறுபடாமல் வாழ்ந்துவரும் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தினர் இத்திருப்பத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஆராயத்தக்கது. இதனை ‘எங்களிடம் என்றும் உள்ளதை அவர்கள் இன்று கண்டுகொண்டார்கள்’ என்று மகிழ்ந்து விட்டுவிடுவது எளிது. அம்மகிழ்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு சோதிப்பதே முறை. முத்துக்குளித்துறைக்கு உரிய எடுத்துக்காட்டு, மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள முத்து வணிகன் உவமை.

பிரிந்த இரு வாசிப்புகள்

1670இல் ஸ்பினோசா, மறைநூலின் பொருளை அதன் மொழியிலிருந்தும் அது எழுந்த சூழலிலிருந்துமே அறிய வேண்டும் என்று வாதிட்டார். 1787இல் ஆல்ட்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில் காப்ளர், விவிலிய ஆசிரியர்கள் தம் காலத்தில் எண்ணியவற்றை ஆராய்வது ஒரு துறை, திருச்சபை இன்று நம்ப வேண்டியவற்றைக் கூறுவது மற்றொரு துறை என்று பிரித்தார். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெஞ்சமின் ஜோவெட், விவிலியத்தை மற்றெந்த நூலையும் போலவே படிக்க வேண்டும் என்றார். 1962இல் ஸ்டெண்டால் இப்பிரிவை இன்னும் கூர்மையாக்கி, அன்று நூல் உணர்த்தியது வேறு, இன்று அது உணர்த்துவது வேறு என்று வரையறுத்தார். முன்னதை வரலாற்றறிஞர் சொல்வர். பின்னதை இறையியலாளர் சொல்வர். இருவருக்கும் இடையே ஒரு மதில் எழுந்தது.

இம்முறையால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தை உறுதி செய்தல், சொற்களின் அக்கால வழக்கை அறிதல், ஒரு நூலின் பகுதிகள் எப்போது எவ்வாறு தொகுக்கப்பட்டன என்று காணுதல் ஆகியவை இம்முறையின் கொடைகள். ஆயின் நூலை அதன் தோற்றத்துக்குள் அடைத்துவிட்டால், அதனை ஓதி வழிபடும் கூட்டத்தாருக்கு அது பழம்பொருளாகிவிடுகிறது. இக்குறையை முதலில் உரக்கச் சொன்னவர் கார்ல் பார்த். 1919இல் வெளிவந்த அவருடைய ரோமர் நிருப உரை, பவுலின் காலத்தை அறிவதோடு நில்லாமல் பவுல் பேசிய பொருளையே எதிர்கொள்ள முயன்றது. 1970 முதல் பிரெவர்ட் சைல்ட்ஸ், திருச்சபை ஏற்றுத் தொகுத்த இறுதி வடிவமே வியாக்கியானத்துக்கு இலக்கு என்று நிறுவ முனைந்தார். ஜேம்ஸ் பார் போன்றோர் அதனைக் கடுமையாக மறுத்தனர். 1980இல் டேவிட் ஸ்டைன்மெட்ஸ், வரலாற்று முறைக்கு முற்பட்ட உரைகளே சில வகையில் மேம்பட்டவை என்று தலைப்பிலேயே துணிந்து ஒரு கட்டுரை எழுதினார். 2005 முதல் இறையியலாளர்களே எழுதும் விவிலிய உரை வரிசைகளும், 2007இல் இத்துறைக்கெனத் தனி ஆய்விதழும் தோன்றின.

இவ்வியக்கத்தாரின் கோட்பாடு சுருக்கமாக இது: மறைநூல் ஒரு கூட்டத்தாரின் நம்பிக்கைக்குள் மறையாயிற்று, அந்நம்பிக்கையின் நெறியோடும் முன்னோர் உரைகளோடும் சேர்த்துப் படிக்கும்போதே அது தன் பொருளைத் தருகிறது. ஈட்டை அறிந்தவருக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் கோட்பாடு எளிது. அதனை ஒரு வாக்கியத்தின்மேல் செயற்படுத்துவதே அரிது. அந்த அருமையை முத்துக்குளித்துறையின் வரலாறே காட்டுகிறது.

‘வேணும்’ என்ற ஒரு சொல்

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்ற பரதவர் பலருக்குத் தம் புதிய சமயத்தின் அறிக்கை இன்னதென்று தெரியாதிருந்தது. சவேரியார் இருமொழியும் ஒருவாறு அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர்தோறும் ஓதுவித்தார். அவ்வாக்கத்தில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லுக்கு ‘வேணும்’ என்ற சொல் நின்றது. பிழை தெரிந்தபின், 1544இல் தம் உடனுழைப்பாளர் மன்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில், அச்சொல் விருப்பத்தையே குறிக்கும் என்றும், அவ்விடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்றும் சவேரியார் அறிவித்தார். மக்கள் அதுவரை ‘நம்புகிறேன்’ என்று ஓத வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்றே ஓதியிருந்தனர்.

இப்பிழையை ஸ்ரீவைஷ்ணவ நோக்கில் காண்பவருக்கு ஒரு கவர்ச்சியான வழி திறக்கும். சரணாகதி சாத்திரத்தில் மகாவிசுவாசம் ஓர் அங்கம். ரட்சகனாக அவனை வேண்டிக்கொள்ளும் கோப்த்ருத்வ வரணமும் ஓர் அங்கம். விருப்பமே பேற்றுக்கு வாயில் என்று கூறும் ஆசார்ய வசனங்கள் பல. ஆகவே, பரதவர் அறியாமல் ஓதிய ‘வேணும்’ என்பது பிழையன்று, நம்பிக்கையினும் ஆழ்ந்த பொருளே என்று ஒருவர் சுவைபட உரைத்துவிடலாம். அவ்வுரை இனிதாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. மூலத்தில் இல்லாத சொல்லின்மேல் எத்துணை உயர்ந்த தத்துவத்தை ஏற்றினாலும் அது அந்நூலின் பொருளாகாது. ஈடு முதலான வியாக்கியானங்கள் பாசுரந்தோறும் சொற்பொருளையும் தொடர்ப்பொருளையும் முதலில் நிறுவி, அதன்மேலேயே உட்பொருளைக் கட்டுகின்றன. சொற்பொருள் வழுவிய இடத்தில் ஸ்வாபதேசத்துக்கு நிற்க இடமில்லை.

சவேரியாரும், அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளாரும் பிழையைத் திருத்தத் தயங்கவில்லை என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. 1547இல் இக்கடற்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் முதலில் தமிழ் இலக்கணத்தை எழுதிக்கொண்டார். அதன் பின்னரே வணக்கங்களையும் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலையும் ஆக்கினார். பக்தி மிகுதியைச் சொல்லறிவுக்கு ஈடாக அவர் வைக்கவில்லை. இறையியல் வியாக்கியானம் பேசும் இன்றையோர் மறக்கக் கூடாத முதல் நெறி இது.

அப்பாசாமியின் வழி

அதே ஆற்றின் கரையிலுள்ள பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்தவர் ஐயாதுரை யேசுதாசன் அப்பாசாமி. யோவான் நற்செய்தியின் அநுபூதி நெறியை இந்திய பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு 1922இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கினார். கிறிஸ்தவத்தை பக்தி மார்க்கமாக விளக்கிய அவருடைய நூல், மேலைநாட்டில் இறையியல் வியாக்கியானம் ஓர் இயக்கமாவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அதனைத் தமிழ்நாட்டில் செய்து காட்டிய முயற்சி எனலாம்.

அவர் கைக்கொண்ட முக்கியமான இடம், தாமும் தந்தையும் ஒன்று என்று இயேசு கூறுவதாக யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் வாக்கியம். அக்காலத்தில் சிலர் அதனை அத்வைத நோக்கில் ஸ்வரூப ஐக்கியமாகக் கொண்டனர். அப்பாசாமி அதனை மறுத்தார். அதே நற்செய்தியில் தந்தைக்குக் கீழ்ப்படிவதும், தந்தையை நோக்கி வேண்டுவதும், தந்தையால் அனுப்பப்படுவதும் மீண்டும் மீண்டும் வருதலால், அங்குச் சொல்லப்படும் ஒருமை அன்பாலும் செயலாலும் ஆகிய ஒருமை என்று அவர் நிறுவினார். இவ்விடத்தில் அவருக்குத் துணைநின்றது ராமாநுஜ தரிசனம். பேதம் சொல்லும் வாக்கியங்களையும் அபேதம் சொல்லும் வாக்கியங்களையும் ஒன்றால் மற்றொன்றைத் தள்ளாமல், சரீர-சரீரி பாவத்தால் இரண்டுக்கும் இடம் கொடுத்த எம்பெருமானாரின் முறை, நான்காம் நற்செய்தியின் முரண்போல் தோன்றும் வாக்கியங்களைப் பொருத்த அவருக்கு வழிகாட்டியது. உலகினுள் உறையும் வாக்கைப் பற்றிய யோவானின் முன்னுரையை அந்தர்யாமித் தத்துவத்தோடு அவர் ஒப்பிட்டதும் இவ்வகையினதே.

இன்னும் ஒன்று. மறைக்குப் பொருள் காண்பதற்குரிய பிரமாணங்களைப் பற்றி அப்பாசாமி வெளிப்படையாகச் சிந்தித்தார். சுருதி, யுக்தி, அநுபவம் என்னும் மூன்றோடு, பிற்காலத்தில் சபையையும் நான்காவதாகச் சேர்த்தார். தனி மனிதரின் அநுபவம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது கூட்டத்தாரின் நெறியால் அளக்கப்பட வேண்டும் என்று அவர் கண்டுகொண்டமை பெரிது.

இத்துணைச் சிறப்பிருந்தும் அவர் வழியில் ஒரு குறை உண்டு. அவர் ராமாநுஜரிடமிருந்து சித்தாந்தத்தைப் பெற்றார். ஆழ்வார்களையும் பிற பக்திக் கவிஞர்களையும் பெரும்பாலும் அநுபவத்தின் சாட்சிகளாக எடுத்தாண்டார். அப்பாசுரங்களை நூற்றாண்டுகளாகக் கேட்டு, வினவி, மறுத்து, விளக்கிய வியாக்கியாதாக்களின் முறைக்குள் அவர் புகவில்லை. இதனால் அவருடைய ஒப்பீடு முடிவுகளை முடிவுகளோடு வைத்துப் பார்ப்பதாகவே பெரும்பாலும் நின்றது. முடிவுக்கு வரும் வழிகளை ஒப்பிடுவதாக வளரவில்லை. இக்குறையைப் பின்னர் உணர்ந்து திருவாய்மொழியை அதன் உரைகளோடு சேர்த்தே பயின்றவர் அமெரிக்க இயேசு சபையினரான பிரான்சிஸ் கிளூனி. 1996இல் வெளிவந்த அவருடைய நூல், ஈட்டாசிரியர் முதலானோரிடம் வாசிக்கும் முறையையே கற்க முயல்கிறது. முறையைக் கற்பது என்றால் என்ன என்பதைச் சம்பிரதாயத்தில் நன்கறியப்பட்ட ஓர் ஐதிஹ்யத்தால் காணலாம்.

ஓர் ஐதிஹ்யமும் அதன் அளவுகோல்களும்

எம்பெருமானார் திருமலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டு வந்தபோது, இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரம் வந்தது. அடிமையில் ஆசையைப் பிறப்பித்த பின்னும் அறியாமையை விளைக்கும் உடற்பிணைப்பிலே தம்மை வைத்துவிட்டதற்கு ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் உரைத்தார். எம்பெருமானார் அதற்கு இசையவில்லை. முன்னும் பின்னுமுள்ள பாசுரங்கள் உவப்பிலே செல்லுகையில் நடுவில் ஒரு பாசுரம் வெறுப்பிலே செல்லுதல் பொருந்தாது. ஆகவே, அறியாமையில் கிடந்த தமக்கு அறிவு பிறவாத காலத்திலேயே ஆசையைப் பிறப்பித்த உபகாரத்தை ஆழ்வார் கொண்டாடுவதாகச் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ள வேண்டும் என்றார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது, விசுவாமித்திர சிருஷ்டி போன்றது என்று ஆண்டான் காலட்சேபத்தை நிறுத்திவிட்டார். செய்தியைக் கேட்ட திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, அப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று கூறி, காலட்சேபத்தை மீண்டும் தொடங்குவித்தார். பின்னொருகால், ஆளவந்தாரை நேரில் சேவித்துக் கேளாதவர் அவர் கருத்தை எவ்வாறு அறிவது என்று ஆண்டான் வினவ, தாம் ஆளவந்தாருக்கு ஏகலவ்யன் என்று எம்பெருமானார் விடையிறுத்தார் என்பதும் வழங்கும்.

இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் எம்பெருமானாரின் மேதைக்குச் சான்றாகவே சொல்வர். அதில் அடங்கியுள்ள அளவுகோல்களையும் காணுதல் தகும். முதலாவது, புதிய பொருள் பாசுரத்தின் சொற்களுக்குள் அமைகிறது. வெளியிலிருந்து ஒரு சொல்லும் கொணரப்படவில்லை, அந்வயம் மட்டுமே மாறுகிறது. இரண்டாவது, மாற்றத்துக்குக் காரணம் முன்பின் பாசுரங்களின் ஓட்டம். கேட்பவர் யாவரும் சரிபார்க்கத்தக்க காரணம் அது. மூன்றாவது, அவ்வளவும் அமைந்தபின்னும் சம்பிரதாயம் ‘இது முன்னோர் கருத்தோடு இசையுமா?’ என்று கேட்கிறது. விடை வரும்வரை காலட்சேபம் நிற்கிறது. நான்காவது, ஆண்டானின் ஐயம் இழிக்கப்படவில்லை. கேளாத பொருளைச் சொல்ல அஞ்சிய அவரும் சம்பிரதாயத்தைக் காத்தவரே. ஒருவர் புதுமை சொன்னார், ஒருவர் தடுத்தார், மூன்றாமவர் சான்று கூறினார். மூவரும் சேர்ந்தே வியாக்கியானம்.

இறையியல் வியாக்கியானம் என்னும் புதிய இயக்கம் முதல் இரண்டையும் வரலாற்று முறையிடமிருந்து பெற்றுள்ளது, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறது. திருச்சபைகள் பல பிரிவுகளாகவும் உரையாசிரியர்கள் பல்கலைக்கழகங்களில் தனித்தனியாகவும் இருக்கும் நிலையில், காலட்சேபத்தை நிறுத்தவும் மீண்டும் தொடங்குவிக்கவும் வல்லவர் யார் என்ற வினாவுக்கு அங்கே ஒருமித்த விடை இல்லை. ஜேம்ஸ் பார் போன்றோரின் மறுப்புக்கு உரம் தருவது இந்த இடமே. விசுவாச நெறிதான் அளவுகோல் என்றால், எந்தச் சபையின் நெறி, அதை எடுத்துரைப்பவர் யார் என்று அவர்கள் கேட்பது நியாயமே.

முத்து வணிகன்

இனி உவமைக்கு வருவோம். நல்ல முத்துகளைத் தேடித் திரியும் வணிகன் ஒருவன் விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்டு, தனக்குள்ள யாவற்றையும் விற்று அதனை வாங்கினான் என்பது செய்தி. முத்துக்குளித்துறையில் இதைக் கேட்பவர் எளிதில் உணர்வது ஒன்று: இங்குப் பேசப்படுபவன் மூச்சடக்கிக் கடலில் இறங்கும் குளிப்பாளன் அல்லன், சிப்பியைப் பிளவாமல் ஏலத்தில் எடுத்து அதனுள் இருப்பதை விதிக்கு விடும் வாணிகனும் அல்லன். கண்டு, மதிப்பிட்டு, அறிந்து வாங்குபவன். உவமையின் அழுத்தம் அறிவோடு செய்த முழுத் துறப்பின்மேல் விழுகிறது.

இதற்குப் பெருவழக்கான பொருள், வணிகன் இறைவனைத் தேடும் மனிதன், முத்து விண்ணரசு என்பது. சிலர் இதை மாற்றி, வணிகன் கிறிஸ்து, முத்து அவர் தம்மையே விலையாகக் கொடுத்துப் பெற்ற மக்கள் என்று கூறுவர். ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் முன்னது ஸ்வகத ஸ்வீகாரம், பின்னது பரகத ஸ்வீகாரம். சேதநன் ஈச்வரனைப் பற்றுவதினும் ஈச்வரன் சேதநனைப் பற்றுவதே உறுதியான பற்று என்றும், சேதநனைப் பெறுகை ஈச்வரனுக்கே பேறு என்றும் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் காட்டிய நெறியில் பயின்றவருக்கு, இரண்டாம் பொருள் உடனே நெஞ்சைக் கவரும். நம்மாழ்வாரை எம்பெருமான் விரும்பி வந்து கலந்து உண்டு உகந்தபடியை ஈட்டில் கேட்டவர், முத்துக்காக எல்லாவற்றையும் விற்கும் வணிகனிடத்தில் அச்சாயலைக் காணாதிரார். இக்கவர்ச்சியையே சோதிக்க வேண்டும்.

மேற்கண்ட அளவுகோல்களில் முதலாவது சொல். முந்திய உவமையில் விண்ணரசு நிலத்தில் மறைந்த புதையலுக்கு ஒப்பிடப்படுகிறது. இவ்வுவமையிலோ முத்துக்கு அன்றி வணிகனுக்கே ஒப்பிடப்படுகிறது. தேடுபவன் இறைவனே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று பரகத ஸ்வீகாரப் பொருளினர் கேட்பர். ஆனால் யோவாக்கிம் யெரெமியாஸ் முதலான அறிஞர், இத்தொடக்க வாய்பாடு அரமேய மொழி வழக்கைப் பின்பற்றியது என்றும், ‘இச்செய்தியில் நிகழ்வது போல’ என்று முழுக்கதையையுமே அது தழுவுகிறது என்றும் காட்டியுள்ளனர். ஆகவே வாய்பாட்டின் இலக்கணம் எப்பொருளுக்கும் தீர்ப்பான சான்றாகாது. இங்கு வரலாற்று முறை, பக்தியுரை அவசரப்பட்டுப் பற்றிய ஒரு தூணை அகற்றுகிறது. அதற்கு நன்றி கூறுவதே முறை.

இரண்டாவது, முன்பின் தொடர்ச்சி. அதே அதிகாரத்தில் களைகள் உவமைக்கு இயேசுவே தரும் விளக்கத்தில் நிலம் உலகமாகவும் விதைப்பவர் மனுமகனாகவும் கொள்ளப்படுகின்றன. அவ்விளக்கத்தை அடுத்தே புதையலும் முத்தும் வருவதால், செயலுக்குரியவர் இறைவனே என்று கொள்வதற்கு இடமுண்டு. வரலாற்றறிஞர் இதற்கும் ஒரு தடை கூறுவர். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் உள்ள தோமா நற்செய்தியில் முத்து உவமை 76ஆம் மொழியாகவும் புதையல் உவமை 109ஆம் மொழியாகவும் தனித்தனியே நிற்கின்றன. ஆகவே இவற்றை அடுத்தடுத்து வைத்தது மத்தேயுவின் தொகுப்பாக இருக்கலாம். திருவாய்மொழியில் இத்தகைய தடை எழாது. ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்களும் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டமையால் வரிசை ஆழ்வார் அருளியதே. நற்செய்தியில் வரிசை தொகுத்தவருடையது. தொகுத்தவரின் வரிசையும் மறையின் பகுதியே என்பது சைல்ட்ஸ் முதலானோரின் நிலை. அதனை ஏற்பவருக்கு இத்தொடர்ச்சி சான்றாகும், ஏலாதவருக்கு ஆகாது. இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

மூன்றாவது, முன்னோர் கருத்து. 1888இல் அடால்ஃப் யூலிஹர், இயேசுவின் உவமைகளுக்கு ஒரே ஒப்புமைப் புள்ளிதான் உண்டு, உறுப்புதோறும் பொருள் கூறுதல் பிற்காலத்தார் ஏற்றியது என்றார். 1935இல் டாட், நல்ல சமாரியன் உவமையில் சத்திரத்தைத் திருச்சபையாகவும் சத்திரக்காரனைப் பவுலாகவும் கொண்ட அகஸ்தீனின் உரையை அத்தகைய ஏற்றத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். தூது விடப்பட்ட பறவைகளை ஆசார்யர்களாகவும், திருப்பாவையில் துயிலெழுப்பப்படும் ஆய்ச்சியரை ஆழ்வார்களாகவும் கொள்ளும் ஸ்வாபதேசத்துக்கும் இதே மறுப்பு எழலாம். விடை இது: ஸ்வாபதேசம் சொல்லும் உரையாசிரியர் நேர்ப்பொருளை அழிப்பதில்லை, தலைமகளின் ஆற்றாமை ஆற்றாமையாகவே நின்று உட்பொருளைத் தாங்குகிறது. முத்து உவமையிலும் ‘எல்லாம் விற்று ஒன்றைப் பெறுக’ என்னும் நேர்ப்பொருளை விழுங்காத உட்பொருளுக்கே இடமுண்டு.

இனி முடிவான இடம். இவ்வுவமையைப் பரகத ஸ்வீகாரத்தோடு ஒன்றாக்க முயல்பவரை ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தமே தடுக்கிறது. ஜீவன் ஸ்வரூபத்தாலேயே எம்பெருமானுக்குச் சேஷன், அவன் உடைமை. தன்னைத் தனதென்று எண்ணுவதே ஆத்மாபஹாரம் என்னும் களவு. உடையவன் தன் உடைமையைத் தேடி வந்து கைக்கொள்கிறான். ஜீவனைத் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபமாகச் சொல்லும் புராண மரபிலும் அந்த மணி முன்னமே அவனிடத்தது. உவமையின் வணிகனோ பிறருடைய முத்தை விலை கொடுத்து வாங்குகிறான். வாங்குமுன் அது அவனுடையதன்று. ஸ்ரீவைஷ்ணவருக்கு நெருங்கிய உவமை லூக்காவின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ளது: பத்து நாணயங்களில் ஒன்றைத் தொலைத்து, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டெடுத்து மகிழும் பெண்ணின் உவமை. அந்நாணயம் தொலைந்தபோதும் அவளுடையதே. விலை கொடுத்து வாங்குதல் என்னும் கருத்தோ பவுலின் நிருபங்களில் வேரூன்றியது. முத்து வணிகனைக் கிறிஸ்துவாகக் கொள்ளும் கிறிஸ்தவர் தம் மரபிலிருந்தே அதற்கு ஆதாரம் காட்டவல்லார். அதற்கு ஸ்ரீவசன பூஷணத்தின் துணை அவருக்கு வேண்டுவதில்லை. நாமும் அவ்வுவமையை நம்முடையதென்று உரிமை கொள்ள இயலாது.

ஆக, ஒப்பீடு தந்தது ஒரு வினா: தேடுபவர் யார்? அவ்வினா உவமையின் மறைந்த ஒரு பக்கத்தைக் காட்டியது. அதற்குரிய விடையை அந்தந்த மரபு தன் சொற்களிலிருந்தும் தன் முன்னோரிடமிருந்துமே பெற வேண்டும். முடிவுகளை முடிவுகளோடு ஒட்டிவைத்திருந்தால் சேஷத்வத்துக்கும் விலைக்கும் உள்ள இவ்வேறுபாடு புலப்பட்டிராது. முறையைப் பின்பற்றியதனாலேயே ஒற்றுமையின் எல்லை தெரிந்தது.

ஆழ்வார் வாசிப்பிலும் அதே பிளவு

விவிலியப் புலமையில் கண்ட பிளவு அயலாரின் குறை என்று ஸ்ரீவைஷ்ணவர் ஒதுங்கியிருக்க இயலாது. ஆழ்வார் பாசுரங்களின் வாசிப்பிலும் அது வந்துவிட்டது. 1983இல் வெளிவந்த பிரீடெல்ம் ஹார்டியின் விரக பக்தி பற்றிய பெருநூல், பாசுரங்களைச் சங்க அகமரபோடும் வரலாற்றோடும் இணைத்து ஆராய்ந்து, பிற்கால வியாக்கியானங்கள் ஆழ்வாரின் உணர்ச்சிப் பெருக்கைச் சித்தாந்தச் சட்டகத்துக்குள் அடக்கின என்னும் கருத்தை முன்வைத்தது. 1989இல் ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படியை ஆராய்ந்து, வியாக்கியானமே ஒரு படைப்புச் செயல் என்று காட்டினர். ஜோவெட்டுக்கும் ஸ்டைன்மெட்ஸுக்கும் இடையில் நிகழ்ந்த வழக்கே இங்கும் தொடர்கிறது.

இவ்வழக்கில் இரு தவறான அடைக்கலங்கள் உண்டு. ஒன்று, ‘பூர்வாசார்யர்கள் அருளியபின் ஆராய்ச்சி எதற்கு?’ என்று சொல்லாராய்ச்சியையும் கால ஆராய்ச்சியையும் வாசலிலேயே நிறுத்துவது. அது ஆண்டானின் அச்சத்தை மட்டும் கொண்டு, அவர் பின்னர்த் திருவுள்ளம் இசைந்து காலட்சேபத்தைத் தொடர்ந்ததை விட்டுவிடுவதாகும். ஒரே பாசுரத்துக்கு முற்பட்டவர் சொன்ன பொருளையும் பட்டர் அருளிய பொருளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பவரின் முன் எடைபோடும் ஈடு, ஆராய்ச்சிக்கு அஞ்சிய நூலன்று. மற்றொன்று, சம்பிரதாயத்தின் இன்சுவைகளை மட்டும் எடுத்து, சொற்பொருளையும் தொடர்ச்சியையும் விட்டு, நினைத்த இடத்தில் நினைத்த உட்பொருளைச் சொல்வது. மகாவிசுவாசத்தின் மேல் ‘வேணும்’ என்ற பிழையை ஏற்றுவது போன்றது அது. முன்னதில் மரபு காவலாகச் சுருங்குகிறது. பின்னதில் அலங்காரமாகச் சிதறுகிறது.

மேலைநாட்டு இறையியல் வியாக்கியானத்தினர் நம் உரைகளை நாடி வரும்போது அவர்களுக்குக் கொடுக்கத்தக்கது ‘எங்களிடம் எல்லாம் உண்டு’ என்னும் பெருமிதமன்று. சொல்லை முதலில் நிறுவுதல், தொடர்ச்சியைக் காரணமாகக் காட்டுதல், முன்னோரிடம் சரிபார்த்தல், ஐயுற்றவரை மதித்தல் என்னும் நான்குமே நாம் கொடுக்கத்தக்கவை. அவர்களிடமிருந்து பெறத்தக்கதும் ஒன்றுண்டு: நமக்கு இனிக்கும் சான்று பிழையென்று சொல்லாராய்ச்சி காட்டுமாயின், அதனை விட்டுவிடும் துணிவு. பரகத ஸ்வீகாரத்துக்கு முத்து வணிகனைச் சான்றாக்காமல் விடுவதால் அச்சித்தாந்தத்துக்கு ஒரு குறையும் வாராது. அதற்குத் திருவாய்மொழியிலேயே போதிய பிரமாணங்கள் உண்டு.

திருக்குருகூரில் ஈட்டைக் கேட்டவர்களும் புன்னைக்காயலில் தம் செபத்தின் ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தாரில்லை. ஆயினும் இருவர் செயலிலும் விளங்கியது ஒரே எண்ணம்: மறையின் சொல் நம் விருப்பத்தினும் பெரியது, அதனை நம் சொல்லாக்கிக்கொள்ளாமல், நாம் அதன் சொல்லுக்கு ஆளாக வேண்டும். இவ்வெண்ணம் உள்ள இடத்தில் வரலாற்று ஆராய்ச்சி வியாக்கியானத்துக்குப் பகையாகாது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு தொன்மையான வியாக்கியானமும் மறையைக் காவாது.